பெருநகர் பஸ்

கோபத்தில் என் மனைவி அலமேலுவைத் தனியாக பஸ் ஏற்றி அனுப்பினேன். முப்பது வருடம் பள்ளி ஆசிரியராக இருந்தவன் செய்த காரியம் இது.

அந்த ஐப்பசியில் அவள், "பெருநகர் பஸ் போயிடுச்சா?" என்று ஓயாமல் கேட்டாள். பெருநகர் அவள் பிறந்த ஊர். என்மேல் கோபித்துக்கொண்டு தாய்வீடு போகப் பார்க்கிறாள் என்றே நினைத்தேன். ஒருநாள் நாலாம் முறை கேட்டதும், "போய்த் தொலை" என்று உத்திரமேரூரில் ஏற்றிவிட்டேன்.

மாலையில் அதே பஸ்ஸின் கண்டக்டர் அவளைக் கைப்பிடித்து இறக்கினார்.

"இன்னா வாத்தியாரே, தனியா வுட்டுட்டீங்க? பெருநகர்ல எறங்கவே இல்ல. நைனா வந்து கூட்டிக்கினு போவாருன்னு குந்திக்கினு கீறாங்க."

அவளுடைய நைனா, என் மாமனார், இறந்து இருபது வருடமாகிறது.

கேட்டதையே கேட்பது மறதி நோயின் தொடக்கம் என்றார் காஞ்சிபுரத்து டாக்டர்.

இப்போது பத்து முறை கேட்டாலும் முதல்முறை போலவே பதில் சொல்கிறேன். தினமும் அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்துப் போய் வருகிறேன். வெயில் தாழ்ந்த நெல்வயல்கள் மெல்ல நகரும்போது, அவள் எந்த வயதில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிவதில்லை. நேற்று என் தோளில் சாய்ந்து சொன்னாள்:

"நைனா, எங்கூட்டுக்காரரு கோவக்காரரு. நான் வந்தத அவராண்ட சொல்லாத."

"சொல்லமாட்டேம்மா," என்றேன்.