அந்தக் கிராமம் என்னுடையது

குமரேசன் சார் காலமான செய்தி, ஆவடித் தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற எங்கள் எல்லோருக்குமான வாட்ஸ்அப் குழுவில் காலையில் வந்தது. 'துப்பறியும் கதை மன்னர்' என்று யாரோ எழுத, கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. நான் ஒன்றும் எழுதவில்லை. வானகரத்திலிருந்து ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன்.

வரைபடப் பிரிவில் அவருக்கு அடுத்த மேசை என்னுடையது. மதியம் சாப்பிட்ட கையோடு, இருவரும் சேர்ந்து எழுதிய துப்பறியும் கதையைப் பற்றிப் பேசுவோம். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்து. ஒரு கிராமத்துக் குளத்தில் பாதிரியார் பிணமாகக் கிடக்கிறார். லண்டனிலிருந்து ஒரு துப்பறிவாளர் ரயிலேறி வருகிறார்.

"லண்டன் என்னுது, கிராமம் உன்னுது சாந்தா. ரெண்டு பேருமே போனதில்ல, இன்னா இப்ப?" என்று சிரித்தார்.

எனக்குத் தெரிந்த கிராமம், நான் வாழ்க்கைப்பட்டுப் போன குத்தம்பாக்கம்தான். அங்கே என் காதில் விழுந்த வம்பையெல்லாம் பாதிரியார் வீட்டுச் சமையல்காரியின் வாயில் போட்டேன். காய்ந்தால் வெளுத்துப்போகும் அந்த ஊர் ஏரிச்சேற்றைக் கொலைகாரியின் பாவாடை ஓரத்தில் ஒட்டவைத்தேன். துப்பறிவாளர் அவளைப் பிடித்ததே அதை வைத்துத்தான்.

நான் முதலில் எழுதிய பாதிரியார் அத்தியாயத்தை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "செத்தவன் மேல பிரியம் வர்லன்னா, கொன்னவன எவன் தேடுவான்?" என்றார். வீட்டுக்குப் போய் யோசித்தேன். பார்வை மங்கிவருவதை ஊருக்குச் சொல்லாமல், பிரசங்கத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற மனிதராகப் பாதிரியாரை மாற்றினேன். படித்துவிட்டு, "உன்னால எழுத முடியும் சாந்தா" என்றார் சார்.

அந்தக் கதை அச்சாகிப் புத்தகமாக வந்ததை நான் முதலில் பார்த்தது பூந்தமல்லி பேருந்து நிலையத்துக் கடையில். அட்டையில் அவர் பெயர் மட்டும் இருந்தது. உள்ளே நன்றிப் பக்கத்தில், 'அழகாகப் பிரதி எடுத்துத் தந்த சகோதரி சாந்தாவுக்கு' என்றிருந்தது. நின்ற இடத்திலேயே அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

மறுநாள் கேட்டேன். "பொம்பள பேரப் போட்டா கொலக்கதைய எவன் வாங்குவான்? கோச்சுக்காத. அடுத்த புக்ல பாத்துக்கலாம்" என்றார். அடுத்த புத்தகத்துக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்குப் பிறகு எதற்குமே எழுதவில்லை. ஓய்வுபெறும்வரை அதே மேசையில், வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாவு வீட்டில் அந்தப் புத்தகத்தை அவர் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். "அந்த கிராமத்த எப்டித்தான் எழுதுனாரோ! நேர்ல பாத்துகினு வந்த மாதிரியே கீது" என்றார் பழைய சக ஊழியர் ஒருவர்.

"அது நான் எழுதினது" என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது.

எல்லோரும் அவர் மனைவி லலிதாக்காவைப் பார்த்தார்கள். அக்கா தலை நிமிரவில்லை. "ஆமா. அவதான் எழுதுனா. எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

எத்தனை பொங்கலுக்கு என் வீட்டுக்கு வந்து என் கையால் சாப்பிட்டவர் அக்கா! ஒருமுறைகூட அதை என்னிடம் சொன்னதில்லை. சார் செத்ததற்கு வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

என்னால் எழுத முடியும் என்று முதன்முதலில் சொன்ன மனிதர் குமரேசன் சார். அவர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதை இனி யாராலும் திருப்பித் தர முடியாது. ஆனால் அவர் சொன்ன அந்தச் சொல் பொய்யில்லை. அதை நான் வைத்துக்கொள்கிறேன். இத்தனை வருடம் கழித்து நான் எழுதியிருப்பது இதுதான். கீழே என் பெயரைப் போட்டிருக்கிறேன்.

சாந்தா