பைக் ஏறும் சரிவு

மஸ்கட்டில் நான் வேலை பார்க்கிற மளிகைக் கடையில் காலையில் முதல் வேலை, வாசல் சரிவைக் காலி செய்வது. வந்த புதிதில் இது எனக்கு விசித்திரமாக இருந்தது. ஊரில் கடை திறந்தால் தண்ணீர் தெளிப்போம், சாம்பிராணி போடுவோம். இங்கே ரொட்டி வண்டிக்காரன் இறக்கிவிட்டுப் போன தட்டுகளைச் சரிவிலிருந்து தூக்க வேண்டும். நல்ல மனசால் முதலாளி அந்தச் சரிவைப் போடவில்லை. வீல்சேர் ஏற வழி வேண்டும் என்று முனிசிபாலிட்டி ஆள் வந்து சொன்னதால் போட்டார். எதனால் போட்டால் என்ன, இருக்கிறது. ஒரு நாள் வீல்சேரில் ஓர் உள்ளூர்க்காரர் அதில் ஏறி வந்தார். என் வயசு இருக்கும். நான் ஓடிப்போய்ப் பின்னால் பிடித்துத் தள்ளினேன். அவர் சக்கரத்தை இறுக்கிப் பிடித்து நிறுத்தினார். "நோ புஷ்" என்றார். சரி, கையில் கூடை இல்லை என்று கோபம் போலிருக்கிறது என்று கூடையைக் கொண்டுபோய் மடியில் வைத்தேன். அதையும் எடுத்துத் தரையில் வைத்தார். பிறகு அவரே எடுத்துக்கொண்டார். தயிர் டப்பாவில் தேதி பார்த்தார். பிடிக்காததைத் திருப்பி வைத்தார். அரை மணி நேரம் ஆனது. நான் சும்மா நின்றேன். அப்போது எனக்குச் செல்லத்தாய் ஞாபகம் வந்தது.

சங்கரன்கோவிலில் எனக்கும் தம்பி முருகேசனுக்கும் பொதுவில் ஒரு கடை உண்டு. ஜாக்கெட் துணி, லைனிங், நூல்கண்டு விற்கிற கடை. செல்லத்தாய் இரண்டு தெரு தள்ளித் தையல் மிஷின் போட்டிருக்கிறது. சின்ன வயசில் காய்ச்சல் வந்து இரண்டு காலும் விளங்கவில்லை. வீல்சேரைத் தானே உருட்டிக்கொண்டு வரும். கடைக்கு இரண்டு படி. அது ரோட்டில் நின்று கூப்பிடும். நாங்கள் படியில் நின்று இந்தக் கலரா, அந்தக் கலரா என்று துணியைத் தூக்கிக் காட்டுவோம். நடுவில் ஆட்டோ போகும், மாடு போகும். பன்னிரண்டு வருஷம் இப்படித்தான் விற்றேன். நான் ரொம்ப உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தடவை கல்யாணப் பெண்ணின் பட்டுச் சேலைக்குப் பச்சை கேட்டது. வெயிலில் தூக்கிக் காட்டினேன், சரி என்று வாங்கிப் போனது. தைத்த பிறகு சேலையோடு வைத்துப் பார்த்தால் நிறம் ஒட்டவில்லை. பெண் வீட்டார் தெருவில் நின்று செல்லத்தாயை ஏசினார்கள். மறுநாள் செல்லத்தாய் வந்தது. வீல்சேரிலிருந்து இறங்கி, கையை ஊன்றி, இரண்டு படியும் தவழ்ந்து மேலே வந்தது. சேலையை விரித்துப் போட்டு, ஒவ்வொரு பச்சையாக அதன்மேல் வைத்துப் பார்த்து எடுத்தது. கடையில் நாலு பெண்கள் நின்றார்கள். நான் வேறு பக்கம் திரும்பித் துணி மடித்தேன். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அந்த உள்ளூர்க்காரர் போன பிறகு கடைச் சரிவை டேப் வைத்து அளந்தேன். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். தம்பிக்குப் போன் போட்டு இதே அளவில் போடச் சொன்னேன். வாசலில் சரிவு வைத்தால் லட்சுமி வழுக்கிப் போய்விடுவாள் என்றான். போடு என்றேன். ஒரு மாதம் கழித்துப் போட்டோ அனுப்பினான். நேர் எதிரே நின்று எடுத்த போட்டோ. அதில் சாய்வு எங்கே தெரியும்? முதலாளிக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன்.

இந்த வருஷம் லீவில் போய்ப் பார்த்தேன். மூன்று அடி நீளம். சுவர் மாதிரி நிற்கிறது. டயர் வழுக்காமல் இருக்கக் குறுக்கே வரிவரியாகக் கோடு. அதன்மேல் தம்பியின் பைக். எங்கள் ஊர்க் கொத்தனாருக்குச் சரிவு என்றால் பைக் ஏறுகிற சரிவுதான். வேறு ஒன்று உண்டு என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நான் சொன்ன அளவைக் கேட்டு இரண்டு பேரும் சிரித்தார்களாம்.

"பைக்கே ஏறுதுல்லாண்ணே. வீல்சேரு ஏறாதா?" என்றான் தம்பி.

"பைக்குல இஞ்சின் இருக்குலே. அவளுக்கு ரெண்டு கைதான் இருக்கு."

செல்லத்தாய் வீட்டுக்குப் போனேன். சரிவு போட்ட அன்றே ஏறிப் பார்த்ததாம். பாதியில் கை நழுவிவிட்டது. வீல்சேர் பின்னால் உருண்டு ரோட்டுக்கே போய்விட்டது. எதிர் டீக்கடைக்காரர்கள் பிடித்தார்கள். அதோடு கடைக்கு வருவதில்லை. துணியைத் தன் கண்ணால் ஒத்துப் பார்க்க முடியாததால் கல்யாண ஜாக்கெட் எடுப்பதையும் விட்டுவிட்டது. இப்போது நைட்டியும் பள்ளிக்கூடச் சட்டையும்தான். இதையெல்லாம் மிஷினை நிறுத்தாமலே சொன்னது.

"எனக்குன்னு சொல்லிப் பைக்குக்குப் போட்டிருக்கீய அண்ணாச்சி. என் பேர அதுல இழுக்காதீய."

மறுநாள் கடப்பாரை எடுத்து நானே உடைத்தேன். ரோட்டில் நீட்ட இடம் இல்லை, சாக்கடை வாறுகால் ஓடுகிறது. அதனால் கடைக்குள்ளேயே தரையை வெட்டி, சுவரோரமாகப் பன்னிரண்டு அடி நீளத்துக்குச் சரிவாக இறக்கினோம். கண்ணாடி ஷோகேஸ் போயிற்று. தம்பி பத்து நாள் என்னோடு பேசவில்லை. ஒத்தப் பொம்பளைக்காக யாராவது கடையை வெட்டுவானா என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். வழி இல்லாத கடைக்கு எத்தனை பேர் வராமல் போனார்கள் என்று எப்படி எண்ணினீர் என்று கேட்டேன். வளைகுடாவிலிருந்து வீட்டுக்குக் கிரானைட் படி வைக்கப் பணம் அனுப்புகிறவர்களுக்கும் இதையே சொல்லுகிறேன்.

செல்லத்தாய் வந்தது. தானே உருட்டி உள்ளே போனது. ஒரு மணி நேரம் நிறம் பார்த்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்குத் துணி எடுத்துக்கொண்டு இறங்கிப் போனது. அவ்வளவுதான். நன்றி சொல்லவில்லை. சொன்னால் எனக்குத்தான் கேவலம்.

லீவு முடிந்து மஸ்கட் வந்த மூன்றாம் நாள் செல்லத்தாயிடமிருந்து போன் வந்தது. "அண்ணாச்சி, வழியில பைக்கு நிக்கி." தம்பியைக் கூப்பிட்டேன். ரெண்டு நிமிஷத்துக்குத்தான் நிறுத்தினேன் என்றான். இப்போது வாரம் இரண்டு முறையாவது இப்படி. அது கூப்பிட்டால் தம்பி கல்லாவிலிருந்து எழுந்திருப்பதில்லையாம். அவனுக்கும் அதற்கும் நடுவே பத்தடி இருக்கும். அந்தப் பத்தடிக்கு அது கடலைத் தாண்டி என்னைக் கூப்பிடுகிறது. நான் இங்கே அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று, "ஏலே முருகேசா, வண்டிய எடுலே" என்று கத்துகிறேன். சாமான் வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். போனை வைக்காமல் காதில் வைத்திருக்கிறேன், அங்கே ஸ்டாண்டு தட்டுகிற சத்தம் கேட்கும் வரைக்கும்.