ஒற்றைக் கால் சாம்பிள்

ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில், தோல் அளக்கும் இயந்திரத்தையும் கம்ப்யூட்டரையும் வயர் இல்லாமல் இணைத்துக் கொடுத்திருந்தேன். இயந்திரத்தில் ஒரு அடாப்டர், கம்ப்யூட்டரில் ஒன்று. இரண்டும் ஜோடி, ஒன்றில்லாமல் மற்றது வேலை செய்யாது.

திடீரென்று ஒரு நாள், கம்ப்யூட்டருக்கு அளவு வரவில்லை என்று சூப்பர்வைசர் போன் செய்தார். அடாப்டரைக் கழற்றி, சோதித்துப் பார்க்க வேலூரில் இருக்கும் எனக்கு அனுப்பச் சொன்னேன். பார்சலைப் பிரித்தால் ஒன்றுதான் இருந்தது. கரண்ட் கொடுத்ததும் ஜோடியைத் தேடி விளக்கைச் சிமிட்டிக்கொண்டே கிடந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஒண்ண மட்டும் வெச்சிக்கினு நான் இன்னா சார் பண்றது? இன்னொண்ணு எங்க?" என்று போனிலேயே கத்தினேன்.

சூப்பர்வைசர் நிதானமாகச் சொன்னார்: "பாக்கறதுக்கு அனுப்புனா அது சாம்பிள்தானே சார்? சாம்பிள்னா நாங்க ஒத்தக் கால் ஷூதான் அனுப்புவோம். எங்ககிட்ட ஷூ வாங்குற ஜெர்மனிக்காரனே இதுவரைக்கும் இன்னொரு கால் எங்கன்னு கேட்டதில்ல."