ஒன்பது மணி இட்லி

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் என் பிறந்தநாளுக்கு ஒரு கோச் வாங்கிக் கொடுத்தாள். கிரிக்கெட்டுக்கு இல்லை, சர்க்கரைக்கு. கைப்பேசியில் ஒரு செயலி, அதற்குள் சென்னையிலிருந்து பேசும் ஒரு பெண். நான் என்ன தின்கிறேன், எப்போது தின்கிறேன், ஏன் தின்கிறேன் என்று விசாரிப்பது அவள் உத்தியோகம். ஒருவர் சேர்ந்தால் இன்னொருவர் இலவசம் என்று சோப்புக்குப் போடுவது மாதிரி ஒரு சலுகையும் இருந்தது. அதனால் என் ஷிப்டில் எனக்கு உதவியாளாக இருக்கும், என்னைப் போலவே சர்க்கரை உள்ள, பக்கத்து வடக்குத்து கிராமத்து ஆளையும் இழுத்துப் போட்டேன். ஊர்ப் பெயரை வைத்து வடக்குத்துக்காரன் என்றுதான் அவனைக் கூப்பிடுவோம்.

எனக்கு அந்தக் கோச் தேவைப்பட்டாள் என்பதும் உண்மை. நான் நெய்வேலி மைன்ஸில் மெஷின் ஆபரேட்டர். உயரத்தில் கண்ணாடி கேபின், உள்ளே ஏசி, கீழே கண்ணுக்கெட்டிய வரை சுரங்கம். அந்த இருக்கையை விட்டால் எனக்கு வேறு கெத்து கிடையாது. பலாப்பழ சீசன் முடிந்ததும் வருடாந்திர மெடிக்கல். போன முறையே என் சர்க்கரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். இந்த முறையும் இறங்காவிட்டால் அன்ஃபிட். அன்ஃபிட் ஆனவர்களை ஆபீஸ் வாசல் பெஞ்சில் பார்க்கலாம். தபால் இருந்தால் எடுத்துப் போவார்கள், இல்லாவிட்டால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"உங்க பெரிய கனவு என்ன சார்?" என்றாள் கோச், முதல் அழைப்பிலேயே.

"பெஞ்சுல உட்காரக் கூடாதும்மா."

"சூப்பர் சார். ஆக்டிவ் லைஃப்ஸ்டைல்" என்று குறித்துக்கொண்டாள்.

அவளைப் பொறுத்தவரை உலகமே ஜெனரல் ஷிப்ட். எல்லோரும் சூரியனோடு எழுந்து, பால்கனியில் மூச்சை இழுத்து விட்டு, ஊறவைத்த பாதாமை எண்ணித் தின்று, சாவகாசமாக ஆபீஸ் போகிறவர்கள். எனக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும் என்றேன். "பாடி அட்ஜஸ்ட் ஆயிடும் சார், ரொட்டீன்தான் முக்கியம்" என்றாள். நைட் ஷிப்ட் முடிந்து நான் படுக்கப் போகும் நேரம் பார்த்து, "குட் மார்னிங், இன்று புதிதாய்ப் பிறந்தோம்" என்று செய்தி வரும். பிறந்தவன் போர்வையை இழுத்து மூடிக்கொள்வான்.

அவள் போட்ட சட்டங்களில் முக்கியமானது, காலை ஒன்பதுக்கு முன்னால் வாயில் எதுவும் போடக் கூடாது என்பது. காலை ஷிப்ட் என்றால் நான் நாலரைக்கு எழுவேன். எழுந்ததும் சர்க்கரை மாத்திரை, சற்று நேரம் கழித்து இட்லி, பிறகு பஸ். பல வருடப் பழக்கம். கோச் வந்த பிறகு இட்லி டப்பாவில் ஏறி ஒன்பது மணிக்குப் போய்விட்டது. மாத்திரை மட்டும் நாலரையிலேயே நின்றது. அதை எப்போது போடுகிறேன் என்று அவளும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"வெறும் வயித்துல மாத்திரையைப் போட்டுட்டுக் கிளம்புறீங்களே, நல்லாவா இருக்கு?" என்றாள் என் மனைவி. வீட்டில் முணுமுணுக்கிறார்கள் என்று மட்டும் கோச்சிடம் சொல்லிவைத்தேன். மாற்றம் வரும்போது குடும்பம் எதிர்ப்பது இயல்பு, அதை அன்போடு கடந்து போகவேண்டும் என்று ஒரு வீடியோ அனுப்பினாள். நானும் அன்போடு கடந்து பஸ் ஏறினேன்.

எண்கள் இறங்கின. இறங்க இறங்கச் செயலி பச்சை நட்சத்திரமாகக் கொட்டியது. செயலியில் எங்களைச் சேர்த்திருந்த குழுவில் நான்தான் முதல். வடக்குத்துக்காரன் கடைசி. தின்ற பலாச்சுளையைப் படமெடுத்து அப்படியே குழுவில் போட்டுவிடுகிற ஆள் அவன். ஏன்டா என்று கேட்டால், "மரம் வூட்டு வாசல்லயே காச்சித் தொங்கிகினு இருக்குதுண்ணே. கோச்சு வந்து அதுங்கிட்ட சொல்லட்டும்" என்பான். நான் அவனுக்கு ஒழுக்கத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறேன்.

ஒரு நாள் காலை ஷிப்டில், கேபினில் இருக்கும்போது கை நடுங்கியது. ஏசியில் சட்டை நனைந்தது. கைப்பிடி இரண்டாகத் தெரிந்தது. சொன்னால் அன்ஃபிட் என்ற நினைப்பு மட்டும் தெளிவாக இருந்தது.

"இன்னாண்ணே, ஏசில ஒக்காந்துகினு இப்டி வேர்க்குது?" என்றான் வடக்குத்துக்காரன்.

"ஒண்ணுமில்ல."

"மொதல்ல மெஷின நிறுத்துங்க."

நிறுத்தினேன். அவன் டிபன் டப்பாவைத் திறந்து ஒரு பலாச்சுளையை என் வாயருகே நீட்டினான். நான் சொன்னதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

"இன்னும் ஒன்பது ஆகல."

"மணி கெடக்குது. முழுங்குங்கண்ணே."

முழுங்கினேன். பின்னாலேயே இன்னும் இரண்டைத் திணித்தான். என் பையில் இருந்த சர்க்கரை மீட்டரை எடுத்து என் விரலில் குத்தியதும் அவன்தான். எண் பாதாளத்தில் கிடந்தது. மீட்டர் காட்டுவது தானாகவே செயலிக்குப் போய்விடும். அடுத்த நிமிடமே பச்சை நட்சத்திரம் பூத்தது: "வாவ் சார். இதுவரை இல்லாத பெஸ்ட் ரீடிங்!" நான் சாகக் கிடந்ததற்குக் கைதட்டல்.

நடுக்கம் அடங்கியதும், தின்ற சுளைகளையும் பதிவு செய்தேன். முதல் ரேங்க்காரனுக்கு அந்தப் பெருமை உண்டு. சிவப்பு எச்சரிக்கை வந்தது. எந்தச் சூழ்நிலை உங்களைத் தவறு செய்யத் தூண்டியது என்று கேட்டு, மன அழுத்தம், கொண்டாட்டம், சலிப்பு, நண்பர்களின் வற்புறுத்தல் என்று நாலு கட்டம். மயங்கி விழாமல் இருக்க என்று ஒரு கட்டம் இல்லை. இருந்தாலும் என்னால் தொட்டிருக்க முடியாது. மெடிக்கலுக்குப் போகும்போது செயலியின் ரிப்போர்ட்டையும் காட்டுங்கள் என்று அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தவன், "எம்மேல போடுங்கண்ணே. நான்தான் ஏற்கெனவே கடைசில கெடக்கறனே" என்றான். நண்பர்களின் வற்புறுத்தலைத் தொட்டேன்.

சாயங்காலம், நான் வழக்கமாகப் போகும் பண்ருட்டி டாக்டர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. மாத்திரையைக் குறைத்து, இட்லியைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பினார். நட்சத்திரங்கள் குறைந்தன. சர்க்கரை ஒழுங்காகவே இருந்தது. மெடிக்கலில் ஃபிட் என்று எழுதினார்கள்.

கோச்சுக்கு அது அவளுடைய வெற்றி. வாழ்த்தோடு ஒரு அறிவுரையும் வந்தது: "இந்த மாற்றம் நிலைக்கணும்னா, உங்களைக் கெடுக்கிற நண்பர்கள்கிட்ட இருந்து கொஞ்சம் தள்ளியே இருங்க சார்." அதைக் கேபினில், என் இருக்கையில் உட்கார்ந்துதான் படித்தேன். என்னை அங்கே உட்கார வைத்தவன் பக்கத்தில் நின்று டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான்.