தலை தீபாவளிக்கு முன்னால் பெயர் மாறிய படங்கள்

செங் என்ற ஊரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் கியூ.சி. பிரிவில் இருந்தேன். ஒரே தடவையில் தயாராகும் ஒவ்வொரு லாட்டையும் படமெடுத்து, தேதியும் லாட் எண்ணும் போட்டுக் கம்ப்யூட்டரில் சேமிப்பது எனக்கும் புஷ்பாவுக்கும் வேலை.

தீபாவளிக்கு முந்தின வாரம் மேனேஜர் அந்தோணி வந்தார். "அக்கா, தீபாவளி முடிஞ்சதும் கஸ்டமர் ஆடிட். ஃபைல் பேருல வருஷம்தான் முதல்ல வரணுமாம். நாம நாள், மாசம், வருஷம்னு போட்டிருக்கோம். எல்லாத்தையும் மாத்தணும் லா. லீவு கஷ்டம்."

ஆயிரக்கணக்கான படங்கள். புஷ்பாவின் மகளுக்கு அது தலை தீபாவளி. மகளும் மாப்பிள்ளையும் புலாவ் செபாங்கில் இருக்கும் அவள் வீட்டுக்கு வருகிறார்கள்.

"நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"ஒருத்தியா எப்படி முடிப்ப?"

எனக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று பட்டது. 14-03-2023-L457. எண்கள் மாறினாலும் எல்லாம் ஒரே அச்சு.

எங்கள் ரீநேம் மென்பொருளில் 'பேட்டர்ன்' என்றொரு கட்டம் உண்டு. நாங்கள் தொட்டதே இல்லை. அதன் ஹெல்ப் பக்கத்தை உட்கார்ந்து படித்தேன். \d என்றால் ஏதோ ஓர் இலக்கம். நாள், மாதம், வருடம் மூன்றையும் தனித்தனி அடைப்புக்குறிக்குள் வைத்தால், அவற்றை $1, $2, $3 என்று கூப்பிடலாம். இப்படி எழுதினேன்:

(\d\d)-(\d\d)-(\d\d\d\d)

புதுப் பெயருக்கு $3-$2-$1.

முதலில் ஒரு நகல் ஃபோல்டரில் முயன்று பார்த்தேன். பிரிவியூவில் நிறையப் பெயர்கள் அசையாமல் நின்றன. உற்றுப் பார்த்தால், ஏழாம் தேதிக்கு 07 போடாமல் வெறும் 7 போட்டிருந்தோம். ஒற்றை இலக்கத்தில் தொடங்கும் பெயர்களுக்கு முன்னால் பூஜ்யம் சேர்க்க இன்னொரு பேட்டர்ன் எழுதினேன். அதை ஓட்டிவிட்டு முதல் பேட்டர்னை மறுபடி ஓட்டினேன். எல்லாப் பெயர்களும் மளமளவென்று திரும்பி நின்றன.

அசல் ஃபோல்டரிலும் முடித்துவிட்டு அந்தோணியைக் கூப்பிட்டேன். அவர் நம்பாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படங்களைத் திறந்து பார்த்தார்.

"சரியா இருக்கே அக்கா. ரெண்டு பேரும் லீவுல போங்க."

புஷ்பா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றே பலகாரத்துக்கு மாவு வாங்கப் போய்விட்டாள்.

ஆடிட்டில், வந்தவர் ஏதோ ஒரு மாதத்தைச் சொல்லிப் படம் கேட்டார். அந்த மாதப் படங்கள் தேதி வாரியாக வரிசையாய் வந்து நின்றன. அடுத்த வாரம் ஸ்டோர் ஆட்கள் என் மேசைக்கு வந்தார்கள்: "அக்கா, எங்க ஃபைலுக்கும் இது போலேயா, செய்ய முடியுமா?"

"போலே, முடியும்" என்றேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய நேர்ந்தால், முதலில் கையைக் கட்டிக்கொண்டு அதில் எது மாறாமல் இருக்கிறது என்று பாருங்கள். நகலில் முயலுங்கள். பிறகு தைரியமாகத் தட்டுங்கள்.