செல்லம்மாக்காவுக்கு ஒரு தரை டிக்கெட்

போன வாரம் என் மகள் என்னை ஏசி தியேட்டருக்கு அழைத்துப் போனாள். சோளப்பொரியும் வெண்ணெயும் கலந்த வாசனை மூக்கைத் துளைத்தது. நானோ குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னம்மா தொலைச்ச?" என்றாள். மணலைத் தேடுகிறேன் என்றால் சிரிப்பாளே!

உங்களுக்கு டென்ட் கொட்டகை தெரியுமோ என்னவோ. அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் நத்தம் ரோட்டோரம் ஒன்று இருந்தது. அங்கே பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கிற உத்தியோகம் எனக்கு. கலெக்டருக்குக்கூட அவ்வளவு மிடுக்கு இருந்திருக்காது. உள்ளே மணல் தரை. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் இடுப்பளவு மண்சுவர். குள்ளமானவர்கள் மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவார்கள் (நானும் அந்தக் கட்சிதான்). பெண்கள் பக்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. அழுகிற பிள்ளை கைமாறிக் கைமாறிப் போகும். யார் மடியில் அடங்குகிறதோ, படம் முடியும்வரை அங்கேயே கிடக்கும்.

செல்லம்மாக்கா வேடசந்தூர்ப் பக்கம் காய்கறித் தோட்டக்காரர் வீட்டில் ஆண் பிள்ளையாகப் பிறந்து, பெண்ணாக வாழ வேண்டும் என்று வீட்டைவிட்டு வந்தவர். மார்க்கெட்டில் பூக்கட்டிப் பிழைத்தார். ஒருமுறை படத்துக்கு வந்தவரை ஆண்கள் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அங்கே சீட்டியும் சீண்டலும் தாங்காமல் பாதியிலேயே அழுதுகொண்டு போனார். அடுத்த வாரம், கொண்டை நிறைய மல்லிகையோடு என் வாசலில் வந்து நின்றார்.

"ஏத்தா, என்னய உள்ள விடுவியா? அங்கிட்டு என்னால உக்கார ஏலாது."

முதலாளிக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படி மறுப்பது? டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விட்டேன்.

ஒரே புரொஜக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போடுவார்கள். அன்றும் போட்டார்கள், முதலாளி பார்த்துவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே, "ஏலே, எந்திரி! இது பொம்பளைக எடம்!" என்று கத்தினார். செல்லம்மாக்கா அசையவில்லை. மடியில் ஒரு கைக்குழந்தை வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது.

குழந்தையின் தாய் ரமீசா, தோல் கிடங்குத் தொழிலாளியின் மனைவி. முறுக்கைக் கடித்தபடியே சொன்னாள்: "மொதலாளி, எம்புள்ள இப்பத்தேன் அசந்துச்சு. அவுகள எழுப்புறதுன்னா புள்ளைய நீங்க வாங்கி வச்சுக்கங்க."

பெண்கள் பக்கம் கொல்லென்று சிரித்தது. "வாங்க மொதலாளி, வந்து தாலாட்டுங்க!" என்று யாரோ எடுத்துக்கொடுத்தார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போன முதலாளி, அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. செல்லம்மாக்கா வாராவாரம் வந்தார். என் வேலையும் தப்பியது.

பழகியபின் ஒருநாள் கேட்டேன்: "அக்கா, நீங்க பொம்பளன்னு ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"ஒனக்கு எப்படிடி தெரிஞ்சுச்சு? ஒக்காந்து யோசிச்சா முடிவு பண்ணுன?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"நானும் அப்படித்தேன்" என்று சிரித்தார்.

இத்தனைக்கும் நான் பள்ளிக்கூடத்தில் பெரிய மக்கு. இது மட்டும் ஒரே தடவையில் புரிந்துவிட்டது.

கொட்டகையைப் பிரித்து எத்தனையோ காலமாகிவிட்டது. செல்லம்மாக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆண்களையும் பெண்களையும் பிரிக்கிற சுவர் எந்தத் தியேட்டரிலும் இல்லை, போனது நல்லதுதான். ஆனால், முன்பின் தெரியாதவள் மடியில் நம்பிப் பிள்ளையைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் படம் பார்த்த பெண்கள் இருந்தார்களே, அவர்களைத்தான் இப்போது எங்கேயும் காணோம்.