போறணை அறையில் கிடைத்த பாண்

பேய் பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். ஷெல்லடிக்குள் பங்கரில் கிடந்து வளர்ந்தவனுக்குச் செத்தவர்கள் மேல் என்ன பயம்? நீங்களும் நம்பமாட்டீர்கள், இருந்தாலும் சொல்கிறேன்.

சுவிஸில் நொஷாட்டலுக்கு மேலே, பிரான்ஸ் எல்லையோரம், மலையைக் குடைந்து கட்டிய பழைய இராணுவக் கோட்டை ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் நேரம் எல்லையில் நின்ற படைக்கு மாவும் தகரத்தில் அடைத்த இறைச்சியும் அங்கிருந்துதான் போனது, பாண் சுடுகிற பெரிய போறணைகூட உள்ளே இருக்கிறது. இப்போது சீஸ் வைக்கிற களஞ்சியம். நானும் ரவி அண்ணையும் அங்கே துப்புரவு வேலைக்குப் போவோம்.

ஒருநாள் பின்னேரம் நான் தனியே போறணை அறையைக் கழுவிக்கொண்டிருக்க, கரண்ட் போய்விட்டது. கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒரே இருட்டு. எனக்குச் சீனி வருத்தம் வேறு, மத்தியானம் இன்சுலின் ஊசியைப் போட்டுவிட்டு வேலை அவசரத்தில் சாப்பிடாமல் விட்டுவிட்டேன். கை நடுங்கி, வியர்த்து, சுவரோடு சரிந்தேன். கூப்பிடக் குரல் வரவில்லை. பிள்ளைகளை நினைத்தேன்.

அப்போது யாரோ பக்கத்தில் வந்து குந்தினார்கள். என் கையை விரித்துப் பாண் துண்டொன்றை வைத்து, பிரெஞ்சில் மெதுவாகச் சொன்ன குரல் ஆண்குரல்.

"சாப்பிடு. இஞ்சயிருந்து உன்னை ஒருத்தரும் திருப்பி அனுப்பமாட்டினம்."

நம்பினால் நம்புங்கள், பாண் சுடச்சுட இருந்தது. மென்று விழுங்க விழுங்க உயிர் திரும்பி வந்தது.

ரவி அண்ணை டோர்ச்சோடு ஓடிவந்தார். நீங்கள்தானே பாண் தந்தனீங்கள் என்று கேட்டேன்.

"இல்லையடா தம்பி, கரண்ட் இல்லாமல் கதவு திறக்கேல்லை. இப்பதான் உள்ள வாறன்."

கோட்டையைச் சுற்றிக்காட்டுகிற மொனிக்கிடம் பிறகு சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அந்தப் போர் நேரம் பிரான்ஸ் பக்கமிருந்து எல்லை கடந்து ஓடிவந்த அகதிகளைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கட்டளை இருந்ததாம், பாண் சுட்ட சிப்பாய் ஒருவன் அவர்களை ஒளித்துவைத்துச் சாப்பாடு கொடுத்துப் பிடிபட்டானாம். பிறகு அவன் என்ன ஆனான் என்று ஒருவருக்கும் தெரியாது.

ஒன்றை மட்டும் அவளிடம் நான் சொல்லவில்லை. போகமுன் அந்தக் குரல், பின்னால் இன்னும் ஆட்கள் வருகிறார்களா என்று கேட்டது. இல்லை, நான் தனிய என்றேன். ஆனால் அண்ணையின் டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தால் எனக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு துண்டுப் பாண், ஆவி பறந்தபடி. அண்ணையும் பார்த்தார், இன்றுவரை நாங்கள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. ஒன்று முழுசாக இருந்தது. மற்றதில் ஒரு சின்னப் பிள்ளை கடித்த பல் அடையாளம்.